ஐஸ் ஏரியில் மான் விரட்டுவது

மான் ஐஸ் மேல் ஓடினால் அதற்குக் கால் நிற்காது. முன்னங்கால் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று வழுக்கிக்கொண்டு போகும். பின்னங்கால்களும் அப்படித்தான். வயிறு ஐஸில் ஒட்டிக்கொள்ள, யாரோ பாய் விரித்துப் போட்ட மாதிரி கிடக்கும். எழுந்திருக்கப் பார்க்கும், வழுக்கும். மறுபடி பார்க்கும், மறுபடி வழுக்கும். அதற்குள் கத்தியோடு பக்கத்தில் போய்விட்டால் வேலை முடிந்தது. தோட்டா வேண்டாம், துரத்திக்கொண்டு ஓடவும் வேண்டாம். இந்த வித்தையைக் கண்டுபிடித்தது என் அண்ணன்.

நிஜ மான் இல்லை. கம்ப்யூட்டர் கேம். எங்கள் ஆரணியில் ஐஸ் என்றால் மீன்காரர் பெட்டியில் இருப்பது, இல்லை ஜூஸ் கடையில் சாக்கில் சுற்றி உடைப்பது. ஒரு ஏரி முழுக்க உறைந்து கிடக்கும், அதன் மேல் மனுஷன் நடந்து போகலாம் என்பதெல்லாம் அண்ணன் அந்த கேமில் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். அவன் தோளுக்குப் பின்னால் நின்று நானும் தெரிந்துகொண்டேன்.

வேலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையை மூடினபோது அங்கிருந்து பழைய சிஸ்டம் ஒன்றை வாங்கி, பைக்கில் பெட்ஷீட் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தான். தறி இருக்கிற அறையிலேயே மூலையில் மேசை போட்டு வைத்தான். மத்தியானம் சாப்பிட்டபிறகு ஒரு மணி நேரம், சாயங்காலம் தறியை விட்டு எழுந்ததும் கொஞ்ச நேரம். வேறு கெட்ட பழக்கம் இல்லாததால் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே இறந்துவிட்டார். வீட்டில் மூன்று பேர், ஒரு தறி. அண்ணன் தறியில் உட்கார்ந்து பட்டுப் புடவை நெய்வான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கு நூல் ஓட்டும் நாடாவை வீசுவேன். அம்மா நூல் சுற்றுவாள், அறுந்ததைப் பிணைப்பாள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்ததிலிருந்து எனக்கு அதுதான் வேலை.

அந்த கேம் என்னவென்றால், பனிக்காட்டில் ஒருத்தன் தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறான். குளிரில் நெருப்பு மூட்ட வேண்டும், தூங்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். பசிக்கு எதையாவது கொல்ல வேண்டும். செத்தால் செத்ததுதான். அந்த ஆள் இருந்த அடையாளமே அழிந்துபோகும், இன்னொருத்தனை வைத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அண்ணன் அவனுக்குத் தன் பேரையே வைத்திருந்தான். போன தீபாவளிக்கு முன்னால் ஆரம்பித்த ஆள் இன்னும் சாகவில்லை என்று கூட்டாளிகளிடம் பெருமை பேசுவான்.

ஐஸ் ஏரி வித்தையைக் கண்டுபிடித்த அன்றைக்கு என்னைக் கூப்பிட்டான்.

"ஏய் குட்டி, வா வா, ஜல்தி வா. இத பாரு."

போய்ப் பார்த்தேன். மான் நாலு காலையும் பரப்பிக்கொண்டு கிடந்தது. அவன் உடனே கொல்லவில்லை. அதைச் சுற்றி ஒரு வட்டம் வந்தான். அது கழுத்தைத் திருப்பித் திருப்பி அவனைப் பார்த்தது.

"சீ. கருமம். இன்னா இது."

"துன்றதுக்குதான்டி. எப்பிடி கீது பாரு, டான்ஸ் ஆடற மாரி."

"உனுக்கு பாவமா இல்ல?"

"நீ ஞாயித்துக்கிழம கறி துன்றப்ப ஆடு பாவமா இல்லியா?"

இத்தனைக்கும் ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் போகிறவன் அவன்தான். கறிக்கடைக்காரர் வெட்டும்போது எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெட்டி முடித்துப் பையில் போட்டபிறகு வந்து வாங்குவான். அப்படிப்பட்டவன் இதைச் சுற்றி வந்து பார்க்கிறான். அன்றைக்கு சாயங்காலம் அம்மாவுக்குச் செய்து காட்டினான். தறிக்குழிக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் கையும் காலும் நாலு பக்கமும் போகிற மாதிரி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் வழுக்கி வழுக்கிக் காட்டினான். அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கு அவனைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அறுப்பு முடிந்த சமயத்தில் அண்ணன் செத்துப்போனான். சேவூரைத் தாண்டி ஒரு இடத்தில் ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தார்கள். அறுப்புக் காலத்தில் எல்லா ரோட்டிலும் அப்படித்தான், பாதி ரோடு வண்டிக்கு, பாதி ரோடு நெல்லுக்கு. எதிரில் பஸ் வந்தது, இவன் ஒதுங்கினான், நெல்லின் மேல் வண்டி வழுக்கியது. அவ்வளவுதான். யார் மேலும் தப்பு சொல்ல முடியாது என்று எல்லோரும் சொன்னார்கள்.

அம்மா ஆஸ்பத்திரியில்தான் பார்த்தாள். நான் ரோட்டிலேயே பார்த்தேன், யாரோ போன் பண்ணி, பக்கத்து வீட்டு அக்கா ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டாள். அவன் எப்படிக் கிடந்தான் என்று எழுதப் போவதில்லை. மான் எப்படிக் கிடக்கும் என்று மேலே எழுதியிருக்கிறேன், அது போதும்.

மறுநாள் பைக்கை எடுத்து வர மாமாவோடு போனேன். நெல்லுக்குச் சொந்தக்காரர்கள் வாரிக்கொண்டிருந்தார்கள். ஒரு முறம் அளவுக்கு ரத்தம் பட்ட இடத்தை மட்டும் விட்டுவிட்டு, அதைச் சுற்றியிருந்ததைத் துடைப்பத்தால் கூட்டிச் சாக்கில் கட்டினார்கள். என்னைப் பார்த்ததும் அந்த அம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நிஜமாகத்தான் அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கூட்டினாள். அந்தச் சாக்கு எந்த ஊருக்குப் போனதோ, யார் பொங்கித் தின்றார்களோ. அன்றிலிருந்து சோற்றைப் பிசையும்போதெல்லாம் அந்தத் துடைப்பச் சத்தம் கேட்கும்.

கருமாதிக்கு அவன் போட்டோ முன்னால் பிரியாணி வைத்துப் படைத்தோம். அவனுக்குப் பிடித்ததை வைக்க வேண்டும் என்றார்கள். காக்காய்க்கு வைத்துவிட்டு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அத்தை எலும்பை உறிஞ்சிவிட்டு, "கறி இன்னும் கொஞ்சம் வெந்துருக்கணும்" என்றாள். எனக்கு அங்கேயே குமட்டியது. பின்பக்கம் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தேன். அதன்பிறகு நான் கறியைத் தொடவில்லை. அம்மா கறியை மட்டும் இல்லை, எதையுமே தொடவில்லை. காபி குடிப்பாள். தட்டில் போட்டால் இரண்டு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுவாள். ரவிக்கை தோளில் நிற்காமல் வழியும் அளவுக்கு ஆகிவிட்டாள்.

அப்போதுதான் அண்ணனின் கூட்டாளி வந்தான். முள்ளிப்பட்டில் பவர்லூமில் வேலை செய்கிறவன், அண்ணனோடு சேர்ந்து கேம் ஆடுவான். கருமாதியன்று ஓரமாக நின்றிருந்துவிட்டுப் போனவன், ஒரு நாள் மத்தியானம் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"தங்கச்சி, சிஸ்டத்த ஒருவாட்டி போட்டு பாத்துக்கட்டா? அவன் எங்க நிறுத்தி வெச்சிகீறான்னு பாக்கணும்."

போட்டான். கேம் திறந்தது. ஏரிக்கரையில் ஒரு மரக் குடிசை, உள்ளே அந்த ஆள் நின்றுகொண்டிருந்தான். மூச்சு புகையாக வந்துகொண்டிருந்தது. குளிர், தூக்கம், தாகம், பசி என்று கீழே மூலையில் நாலு வட்டம். அதில் ஒன்று சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது.

நூல் சுற்றிக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து நின்றாள்.

"யாருப்பா அது?"

"உங்க புள்ளதாம்மா. பாருங்க, பேர் போட்டுகீது. பசியில கீறான்."

விளையாட்டுக்குத்தான் சொன்னான். சொன்ன பிறகு அவனுக்கே முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுனா குடேன் அவனுக்கு."

"பையில ஒண்ணும் இல்லம்மா. தோட்டாவும் தீந்து போச்சி. ஏரிக்குப் போயி மான புடிக்கணும்."

"அப்ப புடி."

"அண்ணா, மூடுங்க" என்றேன் நான். "மூடிட்டா அப்பிடியே இருப்பான் இல்ல? சாவ மாட்டான் இல்ல?"

"மூடி வெச்சா எத்தினி வருசம் ஆனாலும் அப்பிடியேதான் இருப்பான்."

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"பசியோட நிக்க வெச்சிட்டு மூடிட சொல்றியா?"

கூட்டாளி ஆளை வெளியே கொண்டுபோனான். ஒரு தீப்பந்தத்தைக் கொளுத்தினான். மரத்துக்குப் பின்னால் நின்ற ஒரு மானை வளைத்து வளைத்து ஏரிப்பக்கம் விரட்டினான். அது விழுந்தது. கத்தியோடு போனான். கறியை வெட்டி எடுத்து நெருப்பில் வாட்டித் தின்ன வைத்தான். சப்சப்பென்று மெல்லும் சத்தம்கூட வைத்திருக்கிறார்கள். சிவப்பு வட்டம் வெள்ளையானது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு முழுக்கப் பார்த்தாள். அப்புறம் அடுப்பங்கரைக்குப் போய், தானே தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தின்றாள். கருமாதிக்குப் பிறகு அவள் ஒரு தட்டு சோற்றை முடித்தது அன்றைக்குத்தான்.

நான் அதைப் பார்த்தேன். வேறு வழியில்லை என்று புரிந்துபோனது.

"அண்ணா, எப்பிடி ஆடறதுன்னு எனுக்கு கத்து குடுங்க" என்றேன்.

அவன் நாலைந்து நாள் வந்து கற்றுக்கொடுத்தான். எந்த பட்டனை அழுத்தினால் நடப்பான், எதை அழுத்தினால் குனிவான் என்று காட்டினான். இங்கிலீஷ் எழுத்தெல்லாம் எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுதான், நிறத்தை வைத்துத் தெரிந்துகொண்டேன். ஏரியில் நடுவில் போகப் போக ஐஸ் மெலிசாகிவிடும். மான் அதன் மேல் கிடக்கும், மனுஷன் போனால் உடைந்து உள்ளே போய்விடுவான். கரைக்குப் பக்கத்திலேயே மானை விழ வைப்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

"கிரிக்குனு ஒரு சத்தம் கேக்கும் தங்கச்சி. கேட்ட ஒடனே பின்னாலயே வந்துடணும். நின்னுடாத. நின்னா உள்ள பூடுவ. உங்கண்ணன் இதுல கிங்கு. அந்த சத்தம் வர எடத்துக்கு ஒரு அடி முன்னால திரும்பிடுவான்."

அவன் பேச்சில் அண்ணன் மேல் இருந்த பாசம் தெரிந்தது. ஆனால் நான் பட்டனைத் தட்டிக்கொண்டிருக்கும்போது, அவன் பின்னால் நின்று மான் துடிப்பதைப் போனில் வீடியோ எடுத்ததையும் பார்த்தேன். மறுநாள் போனை என்னிடம் நீட்டினான், அதற்கு ஒரு குத்துப்பாட்டைச் சேர்த்துப் போட்டிருந்தான். மான் காலை உதைக்கும் ஒவ்வொரு உதைக்கும் ஒரு அடி தாளம். கீழே முழுக்கப் பார்த்தவர்கள் போட்ட சிரிப்புப் பொம்மைகள். "அண்ணனுக்கு ஒரு ட்ரிப்யூட் மாரிதான் தங்கச்சி" என்றான். நான் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அதற்குப் பிறகு நானே ஆட ஆரம்பித்தேன். மத்தியானம் தறியை விட்டு எழுந்ததும் அம்மா கேட்பாள்.

"அவன் சாப்ட்டானா?"

நான் போய் உட்காருவேன். அவளும் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். சில நாள் கையில் கறி மிச்சம் இருக்கும், அதைத் தின்ன வைத்துவிட்டு உடனே மூடிவிடுவேன். அந்த நாட்கள் நல்ல நாட்கள். மிச்சம் இல்லாத நாளில் பந்தத்தைக் கொளுத்த வேண்டும்.

அந்த வேலையைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. மான் நெருப்பைப் பார்த்ததும் மூக்கை விரித்துக்கொண்டு பின்னால் போகும். போகிற வழி எல்லாம் திறந்துதான் இருக்கும், ஆனால் நான் ஏரி இருக்கிற பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் நெருப்பால் மறிப்பேன். அது விழும். பக்கத்தில் போய்க் கத்தியை எடுத்தால் ஒரு வட்டம் வரும். பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் வட்டம் நிரம்பும். நிரம்பினால் மான் செத்துவிட்டது. நடுவில் விரலை எடுத்தால் அது பாதியில் கிடக்கும், கத்தும். முதல் தடவை நான் விரலை எடுத்துவிட்டேன். அம்மா என் தோளில் கை வைத்து, "முடிச்சிடு பாப்பா, பாதில வுடாத" என்றாள். முடித்தேன். அடுத்து அறுப்பதற்கு இன்னொரு வட்டம். நனைந்த துணியைக் கிழிக்கிற சத்தம். அதன் கண்ணில் ஒரு வெளிச்சப் புள்ளி இருக்கும், கண் இமைக்கும். இந்தக் கண்ணை இமைக்க வைக்க எங்கேயோ ஒருத்தன் ஏசி ரூமில் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து வேலை பார்த்திருப்பான். காபி குடித்துக்கொண்டே பார்த்திருப்பான். அவனை நினைத்தாலும் குமட்டும்.

ஒவ்வொரு தடவையும் அந்த மான் கிடக்கிற கிடையைப் பார்ப்பேன். ரோடு ஞாபகம் வரும். அம்மாவிடம் சொல்ல முடியாது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஆள் மெல்லுவதைப் பார்த்து, "மெதுவா துன்னுடா, யாரு புடுங்கறாங்க" என்பாள். நான் எழுந்து பின்பக்கம் போய்க் காறித் துப்பிவிட்டு வருவேன். வந்து பார்த்தால் அம்மா சோறு போட்டுக்கொண்டிருப்பாள். அதைப் பார்த்ததும், சரி, இன்றைக்கு இது போதும் என்று ஆகிவிடும்.

தறியில் அண்ணன் இடத்தில் இப்போது அம்மா உட்கார்ந்தாள். அவளுக்குப் பழைய வேலைதான், அண்ணனுக்கே அவள்தான் கற்றுக்கொடுத்தாள். மிதியில் கால் வைத்து நெய்வாள், நான் பக்கத்தில் கரைக்கு வீசுவேன். தறியில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் எங்கள் வீட்டில் கத்துவார்கள். பாவில், நீளவாக்கில் இழுத்துக் கட்டின நூலில், ஒரு இழை அறுந்தால் டிக்கென்று ஒரு சத்தம் வரும். பட்டு இழை, மயிர் மாதிரி இருக்கும். சத்தமும் அவ்வளவுதான். வெளியாளுக்குக் கேட்கவே கேட்காது, எங்களுக்குத் தெருவில் பேண்டு வாசித்தாலும் கேட்கும். கேட்டதும் கால் நின்றுவிட வேண்டும், கை நின்றுவிட வேண்டும். இன்னொரு மிதி மிதித்தால் அறுந்த நுனி பக்கத்து இழைகளில் சுற்றிக்கொண்டு அதையும் அறுக்கும். அப்புறம் பிணைக்க அரை நாள் ஆகும். அம்மா கற்றுக்கொடுத்த காலத்திலிருந்து அதற்கு ஒரே வார்த்தைதான். "கால நிறுத்து." அண்ணனும் என்னிடம் அதையேதான் சொல்வான். அந்த வார்த்தை காதில் விழுந்தால் நாங்கள் யோசிப்பதில்லை. தூக்கத்தில் சொன்னாலும் நிற்போம்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். பையில் கறி தீர்ந்திருந்தது. வட்டம் சிவப்பாகி மின்னிக்கொண்டிருந்தது. பனிக்காற்று வேறு. மான் ஒன்றும் கண்ணில் படவில்லை. அம்மா முக்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணையும் காணோமே."

"வரும் இரு. கொல்றதுக்குன்னே ஒண்ணு வரும்."

"ஏன்டி அப்பிடி பேசற?"

"பின்ன எப்பிடி பேசறது?"

கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெட்டை மான் வந்தது. கொம்பில்லாதது. பந்தத்தைக் காட்டினேன். அது நான் நினைத்த பக்கம் போகவில்லை. கரையோரமாகவே ஓடி, திடீரென்று ஏரிக்குள் திரும்பி, ரொம்ப தூரம் போய் விழுந்தது. நடு ஏரிக்குப் பக்கத்தில். ஐஸ் அங்கே வெள்ளையாக இல்லை, கறுப்பாக இருந்தது.

"தூரமா பூட்டுது. வேணாம்மா, வேற பாக்கலாம்."

"வட்டம் மின்னுதே."

"கொஞ்ச நேரம் தாங்குவான்."

"எத்தினி நேரம்?"

எனக்குத் தெரியாது. குனிந்து நடக்க வைத்தேன். குனிந்தால் பாரம் குறையும் என்று கூட்டாளி சொல்லியிருந்தான். மெதுவாகப் போனேன். மான் தலையைத் தூக்கிப் பார்த்தது. காலை உதைத்தது. காற்று, அதன் மூச்சு, ஆளின் மூச்சு, வேறு சத்தமில்லை. அறையில் தறி நின்றிருந்தது. தெருவில்கூட அப்போது பார்த்து ஒன்றும் இல்லை. மானுக்கும் எனக்கும் நடுவில் இன்னும் கொஞ்ச தூரம்தான்.

டிக்.

கூட்டாளி சொன்ன கிரிக் இல்லை. அதற்கும் முந்தின, மெலிசான சத்தம். ஒரு இழை அறுந்த சத்தமேதான்.

"கால நிறுத்து" என்றாள் அம்மா.

என் விரல் பட்டனை விட்டு எழுந்துவிட்டது. ஆள் நின்றுவிட்டான். நாங்கள் இரண்டு பேரும் தறியில் செய்கிற மாதிரியே, அறுந்தது எங்கே என்று தேட, தலையை முன்னால் நீட்டித் திரையைக் கிட்டே பார்த்தோம். அவன் காலுக்குக் கீழே வெள்ளைக் கோடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் வர வேண்டும் என்று ஞாபகம் வந்து நான் பட்டனைத் தொடுவதற்குள் ஐஸ் திறந்துவிட்டது. திரை முழுக்கக் கறுத்த தண்ணீர். குமிழி விடுகிற சத்தம் கொஞ்ச நேரம். சிவப்பில் ஏதோ எழுத்து வந்தது. அப்புறம் கேமின் முதல் பக்கம் வந்து நின்றது. அண்ணன் பேர் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

"எங்கடி காணோம்?"

"உள்ள பூட்டான்."

"எழுந்து வருவானா?"

"வர மாட்டான்மா."

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் அழுவாள் என்று காத்திருந்தேன். தலையில் அடித்துக்கொள்வாள், இனிமேல் ஒரு வாய் தின்ன மாட்டாள் என்று பயந்தேன்.

"நான்தான் நிறுத்த சொன்னேன்" என்றாள்.

"நீ சொல்லலன்னாலும் நான் நிறுத்தியிருப்பேன். கை தன்னால நிக்குது."

"இழ அறுந்த மாரியே கேட்டிச்சி."

"ஆமா."

"நிறுத்துனா நிக்கற எடம் இல்ல போல அது."

அப்புறம் முழங்காலைத் தேய்க்கிற கை மட்டும் போய் வந்தது.

"அந்த மானு எழுந்திரிச்சிச்சா?"

"தெரியலம்மா. எல்லாம் மூடிகினு போச்சி."

"எழுந்திரிச்சிருக்கும்" என்றாள். "தொரத்தறதுக்குதான் யாரும் இல்லியே. பயமில்லாம மெதுவா எழுந்துக்கும்."

நான் அடுப்பங்கரைக்குப் போய்த் தட்டில் சோறும் ரசமும் ஊற்றி எடுத்து வந்தேன். வாங்க மாட்டாள் என்று நினைத்தேன். வாங்கினாள். பிசைந்தாள். இரண்டு வாய் தின்றுவிட்டு நிமிர்ந்தாள்.

"எனுக்கு இத பாக்கவே முடியல பாப்பா. தெனம் ஒண்ண விரட்டி விரட்டி. அது கண்ண பாத்தா எனுக்கு தூக்கமே இல்ல. நீ அண்ணன் ஞாபகமா ஆசையா ஆடறியேன்னுதான் பக்கத்துல ஒக்காந்துகினு இருந்தேன்."

"நானா? எனுக்கு ஆசையா?"

"இல்லியா பின்ன?"

"அவன் சாப்ட்டானான்னு நீதான தெனம் கேட்ட?"

"மொத நாளு அந்தப் புள்ள பசின்னு சொன்னதும் வயித்துல இன்னாவோ பண்ணிச்சி. நெஜம்தான். அப்புறம் நீ தெனம் ஒக்காந்த. நான் கேட்டாதான் நீயும் கொஞ்சம் பேசற."

"நீ சாப்புடணும்னுதாம்மா நான் ஆடனேன்."

அம்மா கையில் சோற்றோடு என்னைப் பார்த்தாள். "அடச்சீ" என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. என்னையா, தன்னையா, அந்த சிஸ்டத்தையா. எனக்கும் அதேதான் வாயில் வந்தது. எத்தனை மான். ஒவ்வொன்றையும் நெருப்பைக் காட்டி மடக்கி, விரலை எடுக்காமல் அழுத்தி, கிழித்து. இந்த வீட்டில் ஒருத்தருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. பசித்தவன்கூட அங்கே இல்லை. சிரிக்கலாம் போலவும் இருந்தது, வாந்தி எடுக்கலாம் போலவும் இருந்தது. இரண்டும் வரவில்லை. அம்மா மிச்ச சோற்றைத் தின்று முடித்தாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

கூட்டாளிக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வந்தான். வந்ததும் சிஸ்டத்தைப் போட்டு முதல் பக்கத்தைப் பார்த்தான். நாற்காலியில் அப்படியே பின்னால் சாய்ந்துவிட்டான்.

"போன தீவாளிலருந்து வெச்சிருந்தான் தங்கச்சி. எங்க செட்டுல எவனும் இத்தினி நாளு வெச்சதில்ல. ஒரு போன் பண்ணியிருந்தா வந்து நானே புடிச்சி குடுத்துருப்பேனே."

"பேஜாரு புடிச்ச வேல அண்ணா. முடிஞ்சி போச்சி, வுடுங்க."

கண்ணைக் கையால் அழுத்திக்கொண்டான். கருமாதியில்கூட அழாதவன். கொஞ்ச நேரம் கழித்து, "புதுசா ஒண்ணு ஆரம்பிக்கலாமா? அவன் பேர்லயே. நான் சொல்லி குடுக்கறேன்" என்றான்.

"வேணாம்பா" என்றாள் அம்மா. "பசிக்கிதுன்னு சொன்னா மறுபடி இவ ஒண்ண அறுக்க ஒக்காருவா. நீ இத தூக்கிகினு போ. உனுக்கு ஆவும்."

"அவன் பொருளும்மா இது."

"அவன் பொருளுதான். அதான் உனுக்கு குடுக்கறேன். ஆனா ஒண்ணு. அந்த மானு துடிக்கிறதுக்கு பாட்டு போட்டு வெச்சிகீறியாமே. அத எடுத்துடு."

அவன் என்னைப் பார்த்தான். நான்தான் சொன்னேன் என்று புரிந்துகொண்டான். போனை எடுத்து, எங்கள் முன்னாலேயே அழித்தான். அதைச் செய்யும்போது காதெல்லாம் சிவந்துபோனது.

அண்ணன் சுற்றிக் கொண்டுவந்த அதே பெட்ஷீட்டை அம்மா பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். திரையையும் கம்ப்யூட்டர் பெட்டியையும் சுற்றி, பைக்கின் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டினோம். அவன் வண்டியைக் கிளப்பினான். அம்மா தெருவுக்கு இறங்கி, கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிணைத்த இழையை இழுத்துப் பார்க்கிற மாதிரி, சின்னதாக ஒரு இழுப்பு.

"எந்த வழியா போற?"

"சேவூர் பக்கமாதாம்மா. அங்க ஒரு வேல கீது, முடிச்சிட்டு வூட்டுக்கு போவணும்."

"அடுத்த அறுப்பு நெல்லு காயப்போட்டிருப்பாங்க. பஸ் வந்தாலும் நீ நெல்லு மேல எறங்காத. எறங்கற மாரி ஆச்சின்னா வண்டிய நிறுத்திடு. அங்க நிறுத்தலாம்."

"சரிம்மா."

இரண்டு காலையும் தரையில் படுகிற மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு, தெருமுனை வரைக்கும் அவன் மெதுவாகத்தான் போனான்.